அவர் விரலில் எரிந்த சிவப்பு விளக்கு

மகள் ஆவடி பக்கம் ஒரு கல்லூரியில் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறாள். புராஜெக்ட்டுக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு குட்டி சென்சார் வாங்கி வந்தாள். மேக்ஸ் 30102 என்று பெயராம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

"இதை வெச்சு மன அழுத்தத்தை அளக்கப் போறேம்மா."

"அப்படியே உங்கப்பா கோபத்தையும் அளந்து சொல்லுடி" என்றேன்.

கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் கிளிப் இருந்ததே, அதன் உறவுக்காரப் பிள்ளைதான் இந்த சென்சாரும். தோலுக்குள் வெளிச்சத்தை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரலுக்குள் ரத்தம் கொஞ்சம் கூடும். கூடிய ரத்தம் வெளிச்சத்தை அதிகம் விழுங்கும். திரும்பி வருவது குறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் நாடி. 1937-லேயே ஹெர்ட்ஸ்மேன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் விரலில் வெளிச்சம் பாய்ச்சி இதைப் பார்த்திருக்கிறார். ஸ்மார்ட் வாட்ச்சின் அடியில் மினுக்குமே பச்சை விளக்கு, அதற்கும் இதே வேலைதான்.

பதற்றமானால் துடிப்பு கூடும், அதை எண்ணுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது மட்டும் போதாதாம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால், இரண்டு துடிப்புக்கு நடுவே எப்போதும் 833 மில்லி செகண்ட் என்று கணக்குப் போடுவோம். உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு முறை 800, அடுத்த முறை 870. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம். நிம்மதியாக இருந்தால் இந்த இடைவெளி ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். நெருக்கடி வந்தால் ஆட்டம் குறைந்து, கடிகாரம் மாதிரி ஒரே சீராகிவிடும்.

"சீரா இருந்தா நல்லதுதானேடி?"

"அதான் இல்லம்மா."

இந்தப் பதில் எனக்கு இரண்டு நாள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் எலி நான்தான். மொட்டை மாடியில் துணி எடுத்துவிட்டு வந்த கையோடு உட்கார்ந்தேன். கடும் அழுத்தம் என்று காட்டியது. எனக்கு ஒரு கவலையும் இல்லை, மூச்சுதான் வாங்கியது. காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு கணக்கு, குடிக்காமல் உட்கார்ந்தால் வேறு கணக்கு. பாத்திரம் கழுவிவிட்டு ஜில்லென்ற விரலை வைத்தால் கோடே சரியாக விழவில்லை. விரலைக் கொஞ்சம் அசைத்தாலும் போச்சு. அசையாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். இந்த வீட்டில் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தது எப்போது என்று எனக்கே ஞாபகமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் மாட்டினார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். மகள் விளக்கியதும், "இதை என் பசங்க கையில கட்டிவிட்டா, நான் உள்ள நுழையும்போது எல்லாருக்கும் சிவப்பாத்தான் எரியும்" என்று சிரித்தார்.

ஆராய்ச்சியில் வேண்டுமென்றே அழுத்தம் கொடுக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் உருவாக்கியது. முன்பின் தெரியாத நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-ல் இருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தப்பினால் மறுபடி 1022. நடுவருக்கு எங்கே போவது? மகள் கழித்தலை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"1009, 996, 983, 970, 957..." இவர் சரசரவென்று போய்க்கொண்டே இருந்தார். முப்பது வருடம் மில்லிமீட்டரோடு குடும்பம் நடத்திய ஆள். லேப்டாப்பில் ஊஞ்சல் நன்றாகவே ஆடியது. "நீ வேஸ்ட்டுப்பா" என்றாள் மகள்.

அப்போது மேஜை மேல் இருந்த அவர் போன் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "931, 918" என்று அதே குரலில் தொடர்ந்தார். ஆனால் திரையில் ஆட்டம் சுருங்கிப் போயிருந்தது. போன் நின்ற பிறகும் அது திரும்பவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். பெயர் இல்லை, வெறும் நம்பர்.

அன்று ராத்திரி மகள் தூங்கிய பிறகு கேட்டேன். "யாருங்க அது?"

"வேலை விஷயம்."

"வேலை விஷயம்னா எடுத்திருப்பீங்களே."

கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு கம்பெனி ஏழு மாதமாகப் பணம் தரவில்லை. சின்ன யூனிட்டுகளுக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்திருக்கிறது; அந்தக் காகிதத்தை யார் கொண்டுபோய் நீட்டுவது? பசங்களுக்குச் சம்பளம் கொடுக்க வட்டிக்கு வாங்கியிருக்கிறார். போனில் வந்தது அந்த ஆள். பீரோவில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த என் இரட்டை வட செயின் அடகுக் கடையில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். செயினுக்காக அல்ல, ஏழு மாதம் என் எதிரில் உட்கார்ந்து ரசம் நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அதற்காக. இருபத்து நான்கு வருடம் கூட இருந்த நான் பார்க்காததை, நகத்தளவு சென்சார் பார்த்துவிட்டதே என்று என் மேலேயே வேறு எரிச்சல். மகளிடம் சொன்னபோது, "அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மாடி ஏறினாலும் அப்படித்தான் காட்டும். போனை நீதானே பார்த்தே" என்றாள்.

மறுநாளே தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிரஷர் 160-க்கு 100. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். கம்பெனி மீது புகார் போடலாம் என்று மகள் சொல்கிறாள். போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று இவர் யோசிக்கிறார். அந்த விஷயத்தில் வீட்டில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. செயினும் வரவில்லை. வட்டிக்காரர் போன் வந்தால் மட்டும் இப்போது ஸ்பீக்கரில் போட்டு, என் முன்னாலேயே பேசுகிறார்.

போன வாரம் மகள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை முடித்தாள். புரட்டிப் பார்த்தேன். மொத்தம் பதினோரு பேரின் அளவுகள். கல்லூரித் தோழிகள், பக்கத்து வீட்டு மாமி, நான், எல்லோரும் இருந்தோம். இவருடைய ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எண்கள் இல்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: 'விரல் அசைந்தது. நீக்கப்பட்டது.'