ஆறு எங்கடா?

கேன்சஸ் மாநிலம் கார்டன் சிட்டியில் பர்கர் சாப்பிட்டுவிட்டு ஆர்கன்சா ஆற்றைப் பார்க்கப் போனோம். பாலத்தில் நின்று நண்பன் கேட்டான்: "ஆறு எங்கடா?" மேப்பில் நீலக்கோடு எங்கள் காலடியில்தான் ஓடியது. எட்டிப் பார்த்தால் வெறும் மணல். அதில் டயர் தடங்கள்.

கொலராடோவில் லெட்வில் பக்கத்து மலைகளில் பிறந்து, சுமார் 2,350 கிலோமீட்டர் போய் மிசிசிப்பியில் சேரும் ஆறு. 1819 ஒப்பந்தப்படி இந்த இடத்தில் இதுதான் நாட்டெல்லை. தென்கரை ஸ்பெயினுக்கு, பிறகு மெக்சிகோவுக்கு. சான்டா ஃபே வணிகர்களின் வண்டிகள் இதன் கரையோரம்தான் போயின.

பிறகு மேலே கொலராடோவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். 1901இல் கேன்சஸ் வழக்குப் போட்டு 1907இல் தோற்றது. 1949இல் ஒப்பந்தம் போட்டார்கள். கிணறுகள் மூலம் கொலராடோ அதை மீறியதாக 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005இல் கொலராடோ சுமார் 3.4 கோடி டாலர் கட்டியது. காசு வந்துச்சு, ஆறு வரலை.

கொலராடோவை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. கேன்சஸும் தன் பங்குக்கு ஓகலாலா நிலத்தடி நீரை மோட்டார் வைத்து உறிஞ்சியது. நீர்மட்டம் கீழே இறங்க இறங்க, ஆற்றில் வரும் கொஞ்சத் தண்ணீரையும் மணலே குடித்துவிடுகிறது. மேலே எடுத்த தண்ணீர் மக்காச்சோளமாகிறது. மக்காச்சோளம் மாட்டுத் தீவனமாகிறது. மாடு?

அவன் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது கேட்டால் சொல்வேன்: மத்தியானம் சாப்பிட்டோமேடா.