பட்டாவும் வில்லங்கமும்

வீடில்லாதார்க்குப் பொருளொன்றே குறையென்பர் பலர். யாம் அவ்வாறு எண்ணோம். எம் தெருத் தையற்காரர், பதினாறாண்டு சேர்த்த பணத்தைச் சென்னைப் புறநகர் மனையொன்றிற்கு முன்பணமாகக் கொடுத்தபின் பத்திர நகலை எம்மிடம் கொணர்ந்தார். பட்டா விற்பவர் பெயரிலேயே இருந்தமையால் அவர்க்குப் பெருமகிழ்ச்சி. பட்டாவோ வருவாய்த்துறையினது, அடைமானத்தை அஃது உரையாது. பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றிலே, அம்மனை 2019-ல் வங்கியொன்றில் அடைமானமானதைக் கண்டோம். கடன் தீர்ந்தமைக்குரிய ரசீது ஆவணம் பதிவாகவில்லை. இவ்விவரத்தை அத்துறையின் வலைத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தரகர் அதனைச் சொல்வாரோ! 2016-ம் ஆண்டுக் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப்பிரிவு விற்பனைக்கு முன்னரே பதிவுபெறல் வேண்டும். அப்பதிவெண்ணைக் கேட்டதற்குத் தரகர் நகைத்தாராம். முன்பணத்தில் பாதி திரும்பிற்று. மீதிக்காக அவர் இன்னும் நடக்கின்றார்.