ஒரே வழி, தனித்தனி நடை

2017ஆம் ஆண்டு வைகாசியில் நானும் இவரும் கதிர்காமப் பாதயாத்திரைக்குப் புறப்பட்டோம். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கும்பிட்டுவிட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாக நடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் போய்ச் சேரவேண்டும். ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை. இரவில் கோயில் மண்டபம், மரத்தடி, இல்லாவிட்டால் நாங்கள் கொண்டுபோன தறப்பாள்.

தறப்பாள் எங்களுக்குப் புதிதல்ல. 2009இல் செட்டிகுளம் முகாமில் மாதக்கணக்காக அதற்குள்தான் இருந்தோம். அந்த வருடம் மாசியில் எங்கள் ஒரே மகனை எறிகணைக்குப் பறிகொடுத்திருந்தோம். தண்ணீர் அள்ளப் போன இடத்தில் விழுந்தான். அனுப்பியவர் இவர். முகாமில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருந்தும் அந்தக் கதையை நாங்கள் எடுத்ததில்லை.

யாத்திரையிலும் அப்படித்தான். பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். இவர் கண்ணில் படாவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் கதைப்பதற்கு ஒன்றும் இல்லை. பாயை விரித்த விதம், பையைக் கட்டிய விதம் என்று எல்லாவற்றுக்கும் சண்டை. வெருகலில் ஓர் இரவு மற்றச் சாமிமார் எழும்பும் அளவுக்குச் சத்தம் போட்டுவிட்டோம்.

விடிய, மட்டக்களப்பு ஆச்சி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். “புள்ள, நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு நடந்தா மூச்சு முட்டும். பகல்ல அவர் அவர்ர பாட்டுக்கு நடக்கட்டும். ராவைக்கு ஒரே இடத்தில படுங்க.”

எனக்கு மனம் ஒப்பவில்லை. என்றாலும் பேசிக்கொண்டோம். இவர் வேல் கொண்டு போகிறவர்களோடு முன்னால், நான் பெண்களோடு பின்னால். அரிசிப் பை அவரிடம், தண்ணீர் என்னிடம். மதியம் தங்கும் இடத்தில் முதலில் போனவர் மற்றவரைக் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் எட்டி எட்டிப் பார்த்தே கழுத்து நொந்தது. மூன்றாம் நாள் பார்ப்பது குறைந்தது. அழுதுகொண்டே நடந்தேன், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பின்னேரம் இவர் இரண்டு நுங்கோடு எனக்காகக் காத்திருந்தார். வழியில் கண்டது, கேட்டது எல்லாம் சொன்னார். இவர் இவ்வளவு கதைத்து எத்தனையோ வருடம்.

காட்டுக்குள் யானைப் பயம். கூட்டத்தை விட்டு விலகக்கூடாது. அங்கேயும் இவர் முன்வரிசை, நான் பின்வரிசை. கும்புக்கன் ஆற்றங்கரையில் தங்கிய இரவு இவர் மெல்லக் கூப்பிட்டார்.

“இஞ்சேரும், நான்தான் அவனைத் தண்ணிக்கு அனுப்பினனான். உமக்கு முன்னால அழுதால் நீர் உடைஞ்சு போவீர் எண்டுதான் இவ்வளவு காலமும்… இப்ப முன்னால நடக்கேக்க அழுது முடிச்சிட்டன்.”

“தண்ணி முடிஞ்சுது எண்டு சொன்னது நானெல்லோ,” என்றேன்.

எட்டு வருடமாக இருவரும் ஒரே சுமையைத் தனித்தனியே ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். எறிகணை அடித்தது நாங்கள் அல்ல என்பதை அன்றிரவுதான் ஒருவருக்கொருவர் சொன்னோம்.

இப்போதும் வீட்டில் காலையில் இவர் தோட்டத்துக்கு, நான் தையலுக்கு. பின்னேரத் தேநீருக்குச் சந்திப்போம். ஒன்றை மட்டும் தவறவிடுவதில்லை: எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறப்போம். காத்திருந்தே காலம் போக்கிய எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும்.