ஏறுமிடம்

ராஜகிரகத்தில் சாந்தி ஸ்தூபிக்குச் செல்லும் பழைய கயிற்றுப் பாதையின் ஒற்றை நாற்காலிகள் நமக்காக நிற்பதில்லை. நகர்ந்து வருபவற்றில் நாம்தான் அமர்ந்துகொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை அங்கே அழைத்துச் சென்றோம். உற்சாகத்தில் நாங்கள் முந்தி ஏறிவிட்டோம். தனித்து நின்ற அம்மா, நாற்காலி நெருங்கியதும் பின்வாங்கினார். கயிறு நிறுத்தப்பட்டது. மலைச்சரிவில் அத்தனை பேரும் அந்தரத்தில் ஆடினோம். முணுமுணுப்பு எழுந்தது. கீழே அம்மா தலைகுனிந்து நின்றார்.

எல்லா நாற்காலிகளும் ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டிருப்பதால், தயங்கும் ஒருவர் அனைவரையும் நிறுத்திவிடுகிறார். ஆகவே கயிற்றின் வேகத்தை இயந்திரத்தின் ஆற்றல் மட்டும் முடிவு செய்வதில்லை. ஏறுமிடமும் முடிவு செய்கிறது. மேலைநாட்டுப் பனிச்சறுக்கு மலைகளில் இதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். ஏறுமிடத்தில் தரையோடு தரையாக ஒரு கன்வேயர் பட்டை, நாற்காலி செல்லும் திசையிலேயே ஓடுகிறது. கயிறு நொடிக்கு 2.5 மீட்டரும் பட்டை 0.8 மீட்டரும் நகர்வதாகக் கொண்டால், நாற்காலி வந்து முட்டும் வேகம் 1.7 மீட்டர்தான். தடுமாற்றம் குறைகிறது, கயிற்றைச் சற்று விரைவாகவும் ஓட்டலாம். ஆயினும் பெரிய ஆதாயம் நிறுத்தங்கள் குறைவதே.

இதைப் படித்தபோது எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுசென்ற பட்டைகள் நினைவுக்கு வந்தன. கரியைப் பட்டையின்மேல் செங்குத்தாகக் கொட்டினால் சிதறும், பட்டையும் தேயும். ஓடும் திசையிலேயே சரியவிட்டால் அடங்கி அமரும். அதற்கும் முன்னால் தோணிகள் இருந்தன. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய காலத்தில், கரையோரம் ஆழமின்மையால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன. கப்பல் எத்தனை விரைந்து வந்தாலும், தோணி வந்து சரக்கை ஏற்றி இறக்கும்வரை காத்துக் கிடக்கத்தான் வேண்டும். தாத்தா தோணியில் வேலை பார்த்தவர்.

மலையிலிருந்து திரும்புகையில் அம்மாவை முன்னே நிறுத்தி, நாங்கள் பின்னால் நின்றோம். ஒன்றும் சொல்லவில்லை. அவர் திரும்பி, வரும் நாற்காலியைப் பார்த்தார். அது போகும் திசையில் தாமும் இரண்டடி நடந்தார். அமர்ந்துவிட்டார்.

கீழே இறங்கியதும் சொன்னார்: "தோணில ஏறுத மாதிரிதான் மக்கா. அல தூக்கும்போது நாமளும் கூடவே போவணும். மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

எங்களுக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு!