முகூர்த்தம் இல்லாத மாதத்து வெளிச்சம்

கைலி நெசவைப் பற்றி எழுதத்தான் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். வடலூர் நண்பர்தான் திருப்பிவிட்டார். "தறியைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. எங்க ஊர் போட்டோக்காரர் ஒருத்தர் பசங்களுக்குத் தொழில் கத்துக்கொடுக்கிறதப் போய்ப் பாருங்க."

கடைத்தெருவில் சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், லேமினேஷன். ஆனால் பாடம் நடப்பது வெளியில். ஆடி, ஐப்பசி, மார்கழி, சித்திரை எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்க்காத பையனைத் தனி ஆர்டருக்கு அனுப்ப மாட்டார். அவருடைய அப்பா நெசவாளி. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். தூறல் விழுந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. "விடியறதுக்கு முன்னாடியே வானத்தப் பாக்குற பழக்கம் அங்க வந்ததுதான் சார்" என்றார்.

மார்கழியில் கூட்டிப்போவது பெருமாள் ஏரிக்கரைக்கு. தண்ணீர்மேல் பனி படர்ந்திருக்கும். நாரையும் நீர்க்காகமும் நிழலுருவாகத் தெரியும். சூரியன் மேலே வந்தபின் எல்லாம் வெளிறிவிடும். இரண்டு மூன்று வரிகளில் இதை எழுதிவிடலாம். கை விறைக்க உட்கார்ந்திருக்கும் பையன்களுக்குத்தான் அது எவ்வளவு நேரம் என்று தெரியும்.

தைப்பூசம்தான் பரீட்சை. 1872இல் வள்ளலார் திறந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டும் நாள். வடலூர் மைதானம் முழுக்க வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எடுத்துக்கொள்வது கேமரா மீட்டரின் புத்தி. அதை நம்பி அழுத்தினால் வெள்ளைக் கூட்டம் அழுக்குத் துணி மூட்டையாக வந்து விழும். ஒரு ஸ்டாப்பாவது கூட்டி எடுக்க வேண்டும். கூட்டினால் முகம் தெளியும், துணியின் மடிப்பு போய்விடும். எதை விடுவது என்பதுதான் கேள்வி. வள்ளலாரைப் படமெடுத்தபோது வெள்ளாடை மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை என்று இந்தப் பக்கம் சொல்லும் கதை பையன்களுக்குத் தெரியும். "அவருக்கு அது அருள். உனக்கு அது ஓவர் எக்ஸ்போஷர்" என்கிறார் மாஸ்டர்.

மாசியில் முந்திரித் தோப்பு: பூவும் செம்புநிறத் துளிரும். சித்திரையில் உச்சிவெயில் கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி பறிக்கும். இரண்டு பேர் வெள்ளை வேட்டியை விரித்துத் தலைக்குமேல் பிடித்தால் வெயில் மாவு சலித்ததுபோல் இறங்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் வருவதால் வாலாஜா ஏரியில் கோடையிலும் நிழல் விழுகிறது. ஜோடிப் படமெடுக்கிறவர்கள் அங்கே போவது அதற்காகத்தான். படத்தைக் கணினியில் கலர் பார்ப்பதையும் காட்டினார்கள். எனக்குத் தலை சுற்றியது, விட்டுவிடுகிறேன்.

என்னை அங்கே பிடித்து நிறுத்தியது ஒரு மர அலமாரி. உள்ளே லென்சுகள், அடித்தட்டில் ஒரு குண்டு பல்பு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திநூல் மாதிரி தொடங்கி, நடுவுக்குப் பரவி, மேற்பூச்சையே அரித்துவிடும். அந்த பல்பின் இளஞ்சூடு அலமாரிக்குள் ஈரத்தை அண்டவிடாது. எல்இடி வெளிச்சம் தரும், இந்தச் சூட்டைத் தராது. அதனால் பழைய பல்புகளை ஒரு அட்டைப் பெட்டியில் வைக்கோல் சுற்றிச் சேர்த்து வைத்திருக்கிறார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மேற்கே நெய்வேலியில் கரண்ட் தயாராகிறது. இவர் கடையில் பல நாள் கரண்ட் இல்லை. பல்பு அணைந்தது. தெருத்தெருவாகப் போய் விழுந்த மரங்களையும் வீடுகளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பி வந்து அலமாரியைப் பார்க்கும்போது, கடன் வாங்கி வாங்கிய லென்சில் வெள்ளை நூல் ஓடியிருந்தது. அந்த லென்சு இப்போதும் இருக்கிறது. என் கையில் கொடுத்து ஜன்னல் பக்கம் சாய்க்கச் சொன்னார். பையன்களுக்கும் முதல் நாள் இதுதான் பாடம்.

இனி என் கோபம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆடியில் கிடையாது. மழை கழுவிவிட்ட ஐப்பசி வானத்துக்குக் கீழே ஆர்டர் வந்தாலும் மண்டபத்துக்குள்தான். வெளியில் எடுக்கும் வேலை குவிவது வெயில் காய்கிற மாதங்களில். அந்த ஆர்டர்களையும் இப்போது பெரிய ஊர் ஈவென்ட் ஏஜென்ட்டுகள் மொத்தமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டார் தரும் முன்பணம் அவர்கள் கைக்கு. வெயிலில் நிற்கிறவனுக்கு நாள்கூலி, அதுவும் ஆல்பம் போன பிறகு. படத்தின் மூலையில் போடுவது ஏஜென்ட்டின் பெயர். கைலியை நெய்தவன் பெயர் கைலியில் இருந்ததா என்று கேட்காதீர்கள். மாஸ்டர் அதை ஏற்கெனவே கேட்டுவிட்டார். நெசவாளிக்காவது கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று இருந்தது. கேமராக்காரர்கள் தாலுகா அளவில் கூடி, நேரடியாக ஆர்டர் பிடித்து ஒரே ரேட் சொன்னால் என்ன? சொல்லிப் பார்த்தார்களாம். முகூர்த்த நாள் நெருங்கியதும் ஆளுக்கு ஆள் குறைத்துக் கேட்டுவிட்டார்கள்.

நான் இருந்தபோதே ஒரு பையனுக்கு முதல் தனி ஆர்டர் வந்தது. வைகாசி, வாலாஜா ஏரி, பகல் ஒரு மணி. காலை ஆறு மணிக்கு மாற்றிக் கேட்டான். டிரோன்காரர் பதினொன்றுக்குத்தான் வந்து சேருவார், நேரம் மாறாது என்றார் ஏஜென்ட்.

மாஸ்டர் கேமரா பையை எடைபார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். "வேட்டி ரெண்டு எடுத்துக்க. பிடிக்கிறதுக்கு மாப்பிள்ளையோட தம்பிங்களக் கூப்பிடு. ஏஜென்ட்டக் கேக்காத, அதுக்கும் பில் போடுவான்."