நாக்கு போகிற இடம்

வரதய்யபாளையத்தில் எங்களுக்கு வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. 2022 ஏப்ரலில் ஊரே சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. தட்டில் ஆவக்காய் மட்டும் மாறவில்லை. அதையும் நான் பல வருடங்களாக இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன். வலது கீழ்த்தாடையின் கோடியில் ஞானப்பல் பாதி முளைத்துச் சாய்ந்து கிடந்தது. அதை மூடிய ஈறுக்குள் சோறு மாட்டும், வீங்கும். கிராம்புத் தைலம் வைப்பேன், அடங்கும். அடங்கியதையே தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வேன்.

அறுபத்தோரு வயதில் வலி காதுவரை ஏறியது. திருப்பதிக்குப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "ஞானதந்தம் இருபது வயசு வாக்கில் வருவது, பெத்தாயனா. தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம். தொந்தரவு என்றால் அப்போதே எடுத்திருக்க வேண்டும். வயசானால் எலும்பு இறுகிவிடும், ஆறவும் நாளாகும்" என்றார். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்று விசாரித்துக்கொண்டார். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் துண்டு துண்டாக்கி எடுத்தார். வலிக்கவில்லை, அழுத்தம் மட்டும் தெரிந்தது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். பஞ்சை அரைமணி நேரம் கடித்திருக்க வேண்டும். துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பீடி கூடாது. முதல் நாள் வாய் கொப்பளிக்கக் கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். "குழியில் உறைந்திருக்கும் ரத்தம்தான் அந்த இடத்துக்கு மூடி. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். பல்வலியே தேவலை என்பீர்கள். நாக்கால் துழாவாதீர்கள்."

சொல்வது சுலபம். தூக்கத்தில்கூட நாக்கு அங்கேதான் போனது. இரண்டாம் நாள் கன்னம் பணியாரமாக உப்பியது. மூன்றாம் நாளும் வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. ஆறின கூழும் மசித்த தயிர்சோறும்தான் ஆகாரம். பேச்சு அறவே இல்லை.

என் மகன் அதற்கு இரண்டு மாதம் முன்பு தொழிற்சாலை வேலையை விட்டிருந்தான். தினமும் சாயந்திரம், "என்ன ஆச்சு? அடுத்து என்ன?" என்று கேட்பேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவான். நான் வாய் திறக்க முடியாத அந்த மூன்றாம் நாள் இரவு, கூழ்க் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து, "நானா விடலைப்பா, நிறுத்திட்டாங்க. சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறெதுவும் செய்ய என்னால் ஆகவில்லை. செய்ய வேண்டியிருக்கவும் இல்லை.

எடுக்க வேண்டிய பல்லை நாற்பது வருடம் விட்டுவைத்தேன். ஆறவிட வேண்டிய பிள்ளையை ஒரு நாள்கூட விட்டுவைக்கவில்லை. எதில் கை வைப்பது, எதில் வைக்காமல் இருப்பது என்பதை இந்த வயதில் பல்லைக் கொடுத்துத்தான் கற்க வேண்டியிருந்தது.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். மகனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. சாயந்திரம் அவன் உள்ளே நுழையும்போது கேள்வி நாக்கு நுனிவரை வருகிறது. தட்டைப் போட்டு, ஆவக்காய் ஜாடியை அவன் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.