கரியும் காந்தமும்: பெஸ்தாரி ஜெயா குறிப்புகள்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல், இங்கே பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கம் தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. போட்டவர் ஹென்றி ஃபோகோனியே. இன்று எந்த ஆயில் மில்லின் பின்பக்கம் போனாலும், பழம் உதிர்ந்த வெறும் குலைகள் ஆவி பறக்கக் குவிந்து கிடக்கும். உள்ளே வந்த குலை எடையில் ஏறத்தாழ 22 விழுக்காடு. மரத்தடியில் பரப்பினால் பொட்டாசியம் மண்ணுக்கே திரும்பும் என்பதால் இதைக் குப்பை என்று சொல்ல மனம் வரவில்லை.

*

அந்த வெறும் குலைகளின் நாரைப் பொடித்து, இரும்புக் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, காற்றுப் புகாத உலையில் 600 பாகை செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். நார் கரியாகும்போதே இரும்பு மேக்னடைட்டாக மாறி, கரியின் துளைகளில் நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தங்கிவிடுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் இப்படிச் செய்த கரியால் நீரிலிருந்து ஈயத்தையும் துத்தநாகத்தையும் நீக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கரியைக் குப்பியில் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் மையாகக் கறுக்கும். பக்கத்தில் காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுவதும் அந்தச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். மறுபக்கம் தெளிந்த நீர்.

*

2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. சிலாங்கூர் ஆற்றை நம்பிய நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. கரைப்பான் வகைக் கழிவுகள் பலவற்றைத் தூள் கரி பிடித்துக்கொள்ளும். பிடித்த கரியைத் திரும்ப எடுப்பதுதான் பாடு. எடுக்காவிட்டால் சேற்றோடு சேர்ந்து நச்சும் இன்னொரு இடத்துக்குப் போகிறது. காந்தம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

*

மில் கழிவுநீரில் இந்தக் காந்தக் கரியை நேராகக் கொட்டக் கூடாது. அதன் அமிலத்தன்மை pH 4 முதல் 5 வரை. கரியிலுள்ள இரும்பே ஓரளவு கரைந்து வெளியேறக்கூடும். அதோடு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. அந்தச் சுமையைக் குளம் குளமாக நுண்ணுயிர்கள்தான் குறைக்க வேண்டும். செம்பனை ஆலைகளுக்கான 1977 விதிமுறைகள் அதைப் படிப்படியாக 100க்குக் கொண்டுவரச் சொன்னதும் அப்படித்தான் சாத்தியமானது. கடைசிக் குளத்திலும் போகாமல் நிற்கும் பழுப்பு நிறம் இருக்கிறதே, கரிக்கு வேலை அங்கே.

*

காய்ச்சி வடித்த நீரில் ஈய உப்பைக் கரைத்து எடுத்த எண்கள் எனக்குப் போதவில்லை. யூனிசெல் பல்கலைக்கழக வளாகம் இதே பெஸ்தாரி ஜெயாவில்தான் இருக்கிறது. மில் குளங்களும் பக்கம். அந்தக் குளத்து நீரில், பலமுறை கழுவிப் பயன்படுத்திய பிறகும் கரி எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு இரும்பைக் கசியவிடுகிறது என்று பார்க்க வேண்டும். கீழே கம்போங் குவாந்தானில் மின்மினிகள் சிலாங்கூர் ஆற்றங்கரையில்தான் இனம் பெருக்குகின்றன.